கடைத்தெருவுக்குள் வண்டி வரலாமா? நான்கு வழிகளும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும்

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கடைத்தெரு 400 மீட்டர் நீளம். ஒரு முனையில் பஸ் நிறுத்தம், மறுமுனையில் மீன் சந்தை, நடுவில் எங்கள் பாத்திரக்கடை. பாட்டா, அதாவது தாத்தா, தொடங்கிய கடை. இப்போது அண்ணனும் மைனியும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

போன ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து உருளி வாங்க வந்த வயதான அம்மா ஒருவர் கடைக்கு எதிரே வந்து நின்றார். பத்தடி தூரத்தைக் கடக்க வழியில்லை. இரண்டு பக்கமும் பைக் வரிசை, நடுவில் நகராத கார், அதற்குப் பின்னால் வாழைக்குலை ஏற்றிய டெம்போ. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, "இனி இந்தத் தெருவுக்கு வரமாட்டேன் மக்களே" என்றார். வியாபாரம் போனதை விட அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதிலிருந்து எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் இதே பேச்சுதான். வண்டியை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு பக்கம். வண்டி வராவிட்டால் ஆள் வராது, ஆள் வராவிட்டால் ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று இன்னொரு பக்கம். செங்கோட்டையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தெரிந்தவர்கள் சிலர் தங்கள் ஊரிலும் இதே குழப்பம் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொருவரும் தன் கடை வாசலை மட்டும் வைத்துப் பேசுவோம். எங்கள் கூட்டங்களில் நடந்தது அதுதான்.

நடக்கிறவருக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி நடைபாதையில் தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகலாம் என்பது அதன் கணக்கு. இப்போது எங்கள் தெருவைப் பாருங்கள். கடை வாசலிலிருந்து எதிர்க்கடை வாசல் வரை 7 மீட்டர். பைக்கைக் குறுக்காக நிறுத்தினால் ஏறக்குறைய 2 மீட்டர் பிடிக்கும். இரண்டு பக்கமும் நிறுத்தினால் 4 மீட்டர் போயிற்று. மிச்சம் 3 மீட்டர். அதில் ஒரு கார் நுழைந்தால் 1.7 மீட்டர் அதற்கு. நடப்பவருக்குக் காரின் இந்தப் பக்கம் 65 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 65 சென்டிமீட்டர். கார் கண்ணாடியைக் கழித்தால் அதுவும் இல்லை. அந்த அம்மா நின்ற இடத்தின் கணக்கு இதுதான்.

வாங்க வருகிறவர் எப்படி வருகிறார். இதை ஊகிக்கக் கூடாது, கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க, பில் போடும்போது "எதில் வந்தீங்க?" என்று கேட்டு, பில் புத்தகத்தின் பின் அட்டையில் கோடு போட்டு வந்தேன். கார்க்காரர்களை நம்பித்தான் கடை ஓடுகிறது என்று அண்ணன் உறுதியாக நம்பியிருந்தார், நானும்தான். வாரக் கடைசியில் எண்ணினால் பஸ்ஸில் வந்தவர்கள்தான் பாதிக்கு மேல். அடுத்து பைக். காரில் வந்தவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் கல்யாணப் பாத்திரம் மொத்தமாக வாங்குகிறவர்கள் அவர்களில்தான் இருந்தார்கள். இரண்டையும் மறக்கக் கூடாது. உங்கள் தெருவில் ஒரு நகைக்கடை, ஒரு மளிகைக்கடை, ஒரு துணிக்கடை இதைச் செய்தாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

சரக்கு எப்போது, எதில் வருகிறது. மீனும் காய்கறியும் விடியுமுன் வரும். மளிகை காலையில் வரும். பாத்திரமும் துணியும் பார்சல் லாரி எப்போது வருகிறதோ அப்போது.

விரட்டிய வண்டி எங்கே போய் நிற்கும். எங்கள் தெருவுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து இடைவழி ஒன்று இருக்கிறது. தெருவை அடைத்தால் வண்டிகள் எல்லாம் அங்கேதான் திரும்பும், அதுவும் நாலு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்தில்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் 2007-இல் பட்டாசுக் கடையில் தீப்பிடித்து உயிர்கள் போயின. 2017 பிப்ரவரியில் அதே தெருவில் துணிக்கடை எரிந்தது. நெருக்கமான கடைத்தெருவில் தீ என்பது எப்போதோ நடக்கும் விஷயமாக இருக்கலாம். அன்றைக்கு வழி இல்லை என்றால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

தள்ளுவண்டிக்காரர்கள். வண்டி போன இடம் காலியாகவே கிடக்காது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அவர்களைக் கூப்பிடாமல் போடும் எந்தத் திட்டமும் மூன்றாம் மாதத்தில் சண்டையில் முடியும்.

கடைசியாக, யார் காவல் நிற்பது. ஆனி மாத மழையிலும் ஐப்பசி மழையிலும், எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

## வழி 1: முழுநாள் தடை

தெருவின் இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, வண்டியே இல்லாமல் செய்வது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் நடந்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். சிக்கிமில் காங்டாக்கின் எம்.ஜி. மார்க்கும் அப்படித்தான், கடைக்கு நடுவில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நடப்பவரை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு மிஞ்சின வழி இல்லை. 7 மீட்டரும் அவருக்கே.

ஆனால் வெளியே தெரியாத செலவுகள் இதில்தான் அதிகம். முதலாவது, சரக்குக்கு இரட்டைக் கூலி. லாரி முனையில் நிற்கும். அங்கே இறக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, கடையில் மறுபடி இறக்க வேண்டும். அரிசிக் கடைக்கும் சிமென்ட் கடைக்கும் இது மாதா மாதம் கையைக் கடிக்கும். லோடுமேன்களோடு முன்கூட்டியே பேசிக் கூலியை எழுதி வைக்காவிட்டால், தினமும் தெருவில் தகராறுதான்.

இரண்டாவது, வாடகை. தெரு அழகாகிக் கூட்டம் கூடினால் கட்டட உரிமையாளர் சும்மா இருக்கமாட்டார். சொந்தக் கட்டடம் உள்ளவருக்குச் சரி. பூட்டுச் சாவி ரிப்பேர், கடிகாரக் கடை, குடை தைக்கிற பாய் போன்றவர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள். தெருவைத் தெருவாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர ஸ்கூட்டர். அவர்களுக்கு அது வாகனம் இல்லை, கால். "வண்டி என்றால் எல்லா வண்டியும்தான்" என்று கம்பத்தை நெருக்கி நட்டுவிட்டால், இத்தனை நாள் தானாக வந்து சாமான் வாங்கிப் போனவர் இனி யாரையாவது கெஞ்ச வேண்டும். கம்பங்களின் இடைவெளியில் அந்த ஸ்கூட்டரும் சக்கர நாற்காலியும் நுழைய வேண்டும், தீயணைப்பு வண்டிக்கு நடுக்கம்பத்தைக் கழற்ற முடிய வேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது இதுவே நல்லது? பின்பக்கம் சரக்கு இறக்க இன்னொரு தெரு இருந்தால். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று எப்போதும் கால்நடையாகக் கூட்டம் வரும் இடமானால். தெருவில் குடியிருப்பவர்கள் குறைவானால். எங்கள் தெருவில் கடை மாடிகளில் குடும்பங்கள் இருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு மேல் காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

## வழி 2: நேரத் தடை

காலையில் சரக்கு, பகலில் ஜனம். இதுதான் இந்த வழியின் சாரம். நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

டெல்லி சாந்தினி சௌக்கில் 2021-இல் தெருவைத் திருத்திக் கட்டிய பிறகு, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. சைக்கிள் ரிக்‌ஷா ஓடலாம். சரக்கு இரவிலும் விடிகாலையிலும். பக்கத்து மாநிலத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு. 2017 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்து பகலில் வண்டியை நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று அங்குள்ள வியாபாரிகளும் எதிர்த்தார்கள். ஆனாலும் இன்றைக்கும் கோழிக்கோட்டுக்குப் போகிறவர்கள் அல்வா வாங்க அந்தத் தெருவில்தான் நடக்கிறார்கள். நாம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரமில்லை, ஆனாலும் சங்கத்திலிருந்து நாலு பேர் ஒருமுறை போய், அங்குள்ள கடைக்காரர்களிடம் நேரில் பேசிவிட்டு வருவது நூறு கூட்டத்துக்குச் சமம்.

எங்கள் தெருவுக்கு இதை வைத்துப் பார்த்தேன். காலை 10 மணி வரை சரக்கு. 10 முதல் இரவு 8 வரை நடப்பவர்கள் மட்டும். 8-க்குப் பிறகு குடியிருப்பவர்களின் வண்டி. மீன்காரர்கள் காலையிலேயே முடித்துவிடுவார்கள். மளிகைக்கும் பிரச்சினை இல்லை. சிக்கல் எங்களைப் போன்ற பார்சல் லாரிக்காரர்களுக்குத்தான். நாங்கள் லாரி ஆபீசோடு பேசி, ஒன்று காலையிலேயே எடுத்துவர வேண்டும், அல்லது ராத்திரி எட்டரைக்குக் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கடைப் பையனுக்குக் கூடுதலாக ஒரு மணிநேரக் கூலி. முழுநாள் தடையின் இரட்டைச் சுமைக்கூலியோடு பார்த்தால் இது சின்னச் செலவு.

இதன் பெரிய பலவீனம் காவல். கம்பம் நட்டால் கம்பமே காவல். நேரத் தடையில் காலையில் மூடி, இரவில் திறக்க ஆள் வேண்டும். "ஒரே நிமிஷம் அண்ணே, மருந்து வாங்கணும்" என்று வரும் பைக்கை நிறுத்த ஆள் வேண்டும். சாந்தினி சௌக்கிலேயே தடை நேரத்தில் பைக்குகள் நுழைகின்றன என்ற புகார் தொடர்ந்து இருந்தது. இரண்டு முனை, பத்து மணி நேரம், வாரம் ஏழு நாள். குறைந்தது நாலு பேருக்குச் சம்பளம். ஊர்க்காவல் படையிலிருந்து எல்லா நாளும் ஆள் கிடைக்கும் என்று எண்ணித் தொடங்கினால் இரண்டாம் வாரமே தெரு பழையபடி ஆகிவிடும். இந்தச் சம்பளத்தைக் கடைகள் பகிர்ந்துகொள்ளுமா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கனமான சாமான் வாங்குகிறவர்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். உருளியும் அண்டாவும் வாங்கியவரை முனைவரை சுமக்கச் சொல்ல முடியாது. சங்கத்துக்குப் பொதுவாக இரண்டு தள்ளுவண்டி, பஸ் நிறுத்தம் வரை இலவசமாகக் கொண்டுவிட ஒரு ஆள். நான் கேட்டுப் பார்த்ததில், மர்ச்சீனிக் கிழங்கு கடைக்காரரிலிருந்து பாத்திரக்கடை வரை இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

எப்போது இது நல்லது? சரக்கின் நேரத்தையும் ஜனக்கூட்டத்தின் நேரத்தையும் பிரிக்க முடிகிற தெருவுக்கு. நம் பக்கத்துச் சிற்றூர்க் கடைத்தெருக்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

## வழி 3: ஒருவழி, நிறுத்தத் தடை, அகல நடைபாதை

வண்டி ஓடலாம், நிற்கக் கூடாது. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைவளாகம் கிட்டத்தட்ட இந்த வகை. பலர் நினைப்பதுபோல் அங்கே வண்டி முழுவதும் நின்றுவிடவில்லை. ஓடும் பாதையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கினார்கள். வண்டி நிறுத்த மாடி நிறுத்தமும் கட்டினார்கள். நடைபாதையை மட்டும் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அந்த மாடி நிறுத்தத்தை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் 7 மீட்டரில் ஒருவழியாக 3 மீட்டர் விட்டால், பக்கத்துக்கு 2 மீட்டர் நடைபாதை கிடைக்கும். காகிதத்தில் அருமை. ஆனால் அந்த 2 மீட்டர் அப்படியே இருக்குமா? கடைக்காரர்களாகிய நாம் பிளாஸ்டிக் குடத்தையும் பொம்மைக்கு மாட்டிய சேலையையும் வெளியே வைக்காமல் இருப்போமா? நான் உட்பட எல்லோரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கடையின் அலுமினியச் சட்டிகளும் இப்போது தெருவில் ஓரடி நீண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்று. ஒருவழியானால் வண்டியின் வேகம் கூடும், எதிரே வண்டி வராது என்று தெரிந்துவிடும் அல்லவா? கடையைத் தவறவிட்டவர் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அந்தச் சுற்றும் பள்ளிக்கூடத்து இடைவழியில்தான்.

செலவும் இதற்குத்தான் கூடுதல்: ஓடையை மூடிப் பலகைக்கல் போட வேண்டும், மின்கம்பத்தை நகர்த்த வேண்டும், நடைபாதைக்குச் சரிவு வைக்க வேண்டும். பேரூராட்சியின் பணத்தில் இது நடக்க வருஷங்கள் ஆகும்.

பஸ் போகிற தெருவுக்கு மட்டும் இதைத்தான் சொல்வேன். செங்கோட்டையில் கொல்லம் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போகிறது. சபரிமலை சீசனில் அந்த வண்டிகளை நிறுத்த முடியாது. அங்கே ஆக்கிரமிப்பிலிருந்து நடைபாதையைத் திரும்பப் பெறுவதுதான் முதல் வேலை.

## வழி 4: பண்டிகைக்கும் சனிக்கிழமைக்கும் மட்டும்

ஓணத்துக்கு முன் ஒரு வாரம், தீபாவளிக்கு முன் ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு முன் பத்து நாள், மற்றபடி சனிக்கிழமை மாலைகள். செலவு மிகக் குறைவு. எதிர்ப்பும் குறைவு, ஏனென்றால் அந்த நாட்களில் வண்டி ஓட்டுகிறவரே வெறுத்துப் போயிருப்பார்.

ஆனால் பழக்கம் உண்டாகாது. தீபாவளிக்குப் படிந்த பழக்கம் கிறிஸ்துமஸுக்குள் மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவிப்பு, புதிதாகத் தகராறு. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் தடியூன்றி வரும் பாட்டாவுக்கு இதனால் ஒன்றுமில்லை. முழுத் தடைக்கோ நேரத் தடைக்கோ ஊரைத் தயார்படுத்தும் முதல் படியாக இதை ஏற்கலாம். முடிவான தீர்வாக என்றால் எனக்குச் சம்மதமில்லை.

## "காருக்குத் தடை, பைக்குக்கு அனுமதி"

எல்லாக் கூட்டத்திலும் சமாதானமாக ஒருவர் இதைச் சொல்வார். தனி வழியாகவே நான் எண்ணவில்லை. மேலே போட்ட கணக்கில் 4 மீட்டரைத் தின்றது பைக்தான். அதை விட்டுவிட்டு 1.7 மீட்டர் காரை மட்டும் நிறுத்தினால், அந்த இடத்தையும் பைக்கே நிரப்பும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | முழுநாள் தடை | நேரத் தடை | ஒருவழி, நிறுத்தத் தடை | பண்டிகைத் தடை |
|---|---|---|---|---|
| நடப்பவருக்கு | மிக நல்லது | பகலில் நல்லது | நடைபாதை காலியாக இருந்தால் நல்லது | சில நாள் மட்டும் |
| சரக்குக்கு | இரட்டைக் கூலி | நேரம் மாற்ற வேண்டும் | நிறுத்தி இறக்கத் தனி நேரம் வேண்டும் | தொல்லை குறைவு |
| பக்கத்துத் தெருவுக்கு | நாள் முழுக்கப் பாரம் | பகலில் பாரம் | சுற்றும் வண்டிகள் | சில நாள் நெரிசல் |
| தொடங்கும் செலவு | நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் | மிகக் குறைவு |
| மாதச் செலவு | குறைவு | காவலுக்குச் சம்பளம் | அபராதம் போட ஆள் | இல்லை என்றே சொல்லலாம் |
| குடியிருப்பவருக்கு | கஷ்டம் | இரவில் சரி | சரி | சரி |

## எல்லா வழிக்கும் முன்னால் ஒரு வேலை

நம் சொந்த பைக்குகளை முதலில் எடுக்க வேண்டும். இதைச் சொன்னதற்குச் சங்கத்தில் இரண்டு பேர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஏறக்குறைய 60 கடைகள். கடைக்காரருடையது ஒன்று, வேலை செய்கிறவருடையது ஒன்று என்று வைத்தாலும் 120 பைக். ஒரு பைக்குக்கு முக்கால் மீட்டர் என்றால் 90 மீட்டர். தெருவின் ஒரு பக்கத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. காலை ஒன்பதரைக்கு நிறுத்தினால் ராத்திரி ஒன்பது வரை அசையாது. வாங்க வருகிறவரின் பைக் அரைமணியில் போய்விடும். ஆக, இடத்தைப் பிடித்துவைத்து, "வாடிக்கையாளருக்கு நிறுத்த இடமில்லை" என்று முறையிடுவதும் நாம்தான்.

மார்த்தாண்டத்தில் 2019-இல் இரும்பு மேம்பாலம் திறந்தபோது கீழே நெரிசலே இருக்காது என்று நாமெல்லாம் நம்பினோம். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நேரே போகிற வண்டி மேலே போய்விட்டது. கடைக்கு வருகிற வண்டி கீழேதான் நிற்கிறது. நிறுத்த இடம் என்ற கேள்வியைப் பாலம் தீர்க்காது, தடையும் தீர்க்காது.

பஸ் நிலையங்களில் பைக் நிறுத்தத்தை ஏலம் விடுவதைப்போல், கடைத்தெரு முனையில் காலியாகக் கிடக்கும் ஒரு மனையை வாடகைக்கு எடுத்து, கடைக்காரர்களுக்கு மாதச் சீட்டும் வாங்க வருகிறவருக்கு முதல் ஒரு மணிநேரம் இலவசமும் வைக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு நிறுத்த இடங்களைக் குறிக்க வழி கொடுத்திருக்கிறது. இந்த வேலை முடியாமல் மேலே சொன்ன நான்கில் எதைத் தொடங்கினாலும் பள்ளிக்கூடத்து இடைவழிதான் பலியாகும்.

## எது எங்களுக்கு

நேரத் தடை. அதையும் ஒரு மாதச் சோதனையாக.

சோதனை என்பதற்குக் காரணம் உண்டு. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் ஸ்ட்ராகெட் கடைத்தெருவில் 1962-இல் வண்டியை நிறுத்தியபோது அதைச் சோதனை என்றுதான் சொன்னார்கள். அங்கேயும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். 1964-இல் நிரந்தரமாக்கினார்கள். பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற வாசல் திறந்திருந்தால், பயந்தவர்களும் ஒரு மாதம் பொறுப்பார்கள்.

நம் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115-ஆம் பிரிவு. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வண்டிகளைத் தடுக்க, மாநில அரசுக்கோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கோ உரிமை உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் நன்றாகத் தெரியப்படுத்தினால் போதும். ஆனால் சங்கம் தானாகக் கயிறு கட்டினால் அது தடை ஆகாது. மனு கொடுத்து ஆணை வாங்க வேண்டும்.

மாதத்தை எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓண மாதத்தில் தொடங்கினால் விற்பனை கூடியதற்குத் தடை காரணமா, ஓணம் காரணமா என்று தெரியாது. ஐப்பசியில் தொடங்கினால் மழைமேல் பழி விழும். எனக்கு மாசி சரியாகப் படுகிறது. மழையும் இல்லை, ஓணம், தீபாவளி போன்ற வியாபாரப் பண்டிகையும் இல்லை. தொடங்கும் முன் இரண்டு வாரமும் தடை மாதத்திலும் ஒவ்வொரு கடையும் தன் பில் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் போதும், ரூபாய்க் கணக்கு வேண்டாம். ரூபாய் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்து இடைவழியில் நாலு மணிக்கு எத்தனை வண்டி என்று தலைமையாசிரியரிடம் சொல்லி எண்ண வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கை கூடினால், சாயங்காலம் மூன்றரை முதல் நாலரை வரை இடைவழிக்கும் தடை கேட்க வேண்டும். கடைக்காரன் லாபத்துக்காகப் பிள்ளைகள் ஓரம் ஒதுங்கக் கூடாது.

தள்ளுவண்டிக்காரர்களுக்கு மீன் சந்தை முனையில், தெருவின் ஒரே பக்கமாகக் கோடு போட்டு இடம் குறிக்கலாம். அவர்களில் மூன்று பெண்கள் எங்கள் அப்பா காலத்திலிருந்தே அங்கே பூவும் மட்டிப்பழமும் விற்கிறார்கள். பேச்சை அவர்களிடமிருந்து தொடங்கினால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது என் அனுபவம்.

வருகிற ஞாயிறு சங்கக் கூட்டம். இந்தக் கணக்கையும் பில் புத்தகத்தின் பின் அட்டையையும் கொண்டுபோகிறேன். எங்கள் அண்ணனின் பைக்கும் பையனின் பைக்கும் திங்கட்கிழமையிலிருந்து வீட்டு முற்றத்தில் நிற்கும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசப்போகிறேன். முனையில் வைக்கும் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும் என்பதையும் கேட்கப்போகிறேன். பாறசாலையிலிருந்தும் வெள்ளறடையிலிருந்தும் வருகிறவர்கள் திருப்பி விடப்பட்டால், ஏன் என்றும் எங்கே நிறுத்தலாம் என்றும் அவர்கள் மொழியில் படிக்க வேண்டும். அந்த அம்மாவின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. உருளியை அன்றைக்கு அவர் வாங்கவில்லை. அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.